வீட்டுப் பொருளெல்லாம் வேண்டுதலின் நினைவு: அய்யா வைகுண்டர் வாழ்ந்து காட்டிய வழி

அய்யா துணை

நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி செல்லும் வழியில் அமைந்திருக்கிறது தலைமைப்பதியாகிய சுவாமிதோப்பு. ஞாயிற்றுக்கிழமைதோறும் அங்கே கூடும் அன்புக்கொடி மக்களில் பெரும்பாலோர் தம் குடும்பத்துக்கான வேண்டுதலையே சுமந்து வருகிறார்கள். பிள்ளைக்கு நோய் தீர வேண்டும், மகளுக்கு நல்ல இடம் அமைய வேண்டும், வெளிநாட்டில் உழைக்கும் மகன் சுகமாய்த் திரும்ப வேண்டும், முகம் பாராமல் இருக்கும் அண்ணனும் தம்பியும் ஒன்று சேர வேண்டும். வந்து பணிந்து, பதம் பெற்று, நெற்றியில் நாமம் சாத்தி வீடு திரும்புகிறார்கள். திங்கட்கிழமை விடிந்ததும் வேலைகள் வந்து சூழ்ந்துகொள்கின்றன. அந்த வேண்டுதல் அடுத்த ஞாயிறு வரை நெஞ்சின் ஓரத்தில் ஒதுங்கிக் கிடக்கிறது.

இந்த மறதிக்கு மருந்து அய்யாவின் வாழ்விலேயே இருக்கிறது. அய்யா தம் மக்களுக்குக் காட்டிய வழிபாட்டில் ஏழையால் வாங்க முடியாத பொருள் என்று ஒன்றும் இல்லை. துணி, தண்ணீர், மண், விளக்கு, கண்ணாடி, சோறு ஆகிய இவைதாம் வழிபாட்டின் பொருள்கள். இவை எல்லா வீட்டிலும் இருக்கின்றன. இவை ஒவ்வொன்றுக்கும் அய்யாவின் வாழ்வில் ஒரு நாள் உண்டு. அந்த வரலாற்றை அறிந்தவர் இந்தப் பொருள்களைத் தொடும்போதெல்லாம் அய்யாவை நினைப்பார். அய்யாவை நினைக்கும்போதே தம் வீட்டாரையும் நினைத்து வேண்டிக்கொள்வார்.

பெயரும் வரியும்

1809-ஆம் ஆண்டில், அன்றைய திருவிதாங்கூர் நாட்டின் தென்கோடியில், பூவண்டன் தோப்பு என்று வழங்கிய இடத்தில், பொன்னுமாடனுக்கும் வெயிலாளுக்கும் மகனாக அவர் வளர்ந்தார். பெற்றோர் முடிசூடும் பெருமாள் என்று ஆசையோடு பெயர் வைத்தார்கள். ஏழைச் சான்றோர் வீட்டுப் பிள்ளைக்கு முடியும் பெருமாளும் சேர்ந்த பெயரா என்று மேல்சாதியார் எதிர்த்தார்கள். பெயர் முத்துக்குட்டி என்று மாறியது. பெற்ற பிள்ளையை வைத்த பெயரால் கூப்பிடுவதற்குக்கூட உரிமை இல்லாத காலம் அது.

அந்தக் காலத்தில் சான்றோர் மக்கள் புழங்கிய பொருள் ஒவ்வொன்றும் அவர்களுடைய தாழ்வை நினைவூட்டுவதாகவே இருந்தது. தலைக்கு வரி இருந்தது. பனை ஏறும் தொழிலுக்கு வரி இருந்தது. வளர்த்த மாட்டுக்கும், கையில் பிடித்த கம்புக்கும், பெண்ணின் கழுத்தில் கிடந்த தாலிக்கும்கூட ஆயம் கேட்டார்கள் என்று அகிலத்திரட்டு அம்மானை சொல்லுகிறது. ஆண்கள் தலையில் துணி கட்டக்கூடாது. பெண்கள் மார்பில் மேலாடை போடக்கூடாது. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்து நடக்கக்கூடாது. குடை பிடிக்கக்கூடாது. கூலி இல்லாத ஊழிய வேலைக்கு அழைத்தால் மறுக்கக்கூடாது. தாலியைப் பார்த்தால் கணவனின் நினைவு வருவதற்கு முன்னே வரிக்காரனின் நினைவு வரும். குடத்தைப் பார்த்தால் குழந்தையின் தாகம் நினைவுக்கு வருவதற்கு முன்னே அடிவிழுமோ என்ற அச்சம் வரும்.

கலிமாயை இப்படித்தான் வேலை செய்தது. வீட்டுக்குள் இருக்கும் சின்னப் பொருளுக்குள்ளும் அச்சத்தைக் கொண்டுபோய் வைத்தது. அய்யா அதே பொருள்களை எடுத்து, அவற்றுக்குள் இருந்த அச்சத்தை விரட்டி, அந்த இடத்தில் நம்பிக்கையைக் குடியேற்றினார். அய்யாவின் வாழ்வை இந்தக் கண்ணோடு பார்த்தால் பல செய்திகள் விளங்கும்.

தாய் கட்டிய தொட்டில்

முத்துக்குட்டி பனைத்தொழிலும் வயல்வேலையும் செய்து வளர்ந்தார். புவியூரைச் சேர்ந்த திருமாலம்மாள் அவருக்குத் துணைவியானார். இளவயதிலேயே கடுமையான நோய் அவரைப் பற்றியது. உடல் மெலிந்தது, நடை நின்றது. வைத்தியம் பலிக்கவில்லை. வெயிலாள் இரவும் பகலும் மகனுக்காக அழுது வேண்டினார். திருச்செந்தூரில் நடக்கும் மாசித் திருவிழாவுக்கு மகனைக் கொண்டுசென்றால் நன்மை உண்டாகும் என்று அந்தத் தாய்க்குக் கனவில் நாராயணர் உணர்த்தியதாக அகிலத்திரட்டு சொல்லுகிறது.

நடக்க முடியாத 24 வயது மகனைத் துணியில் தொட்டிலாகக் கட்டி, உறவினர் தோளில் சுமந்தார்கள். பிள்ளைப் பருவத்தில் ஆட்டிய தொட்டிலை, வளர்ந்து ஆளான மகனுக்காக இன்னொரு முறை கட்ட வேண்டியிருந்த தாயின் மனம் எப்படி இருந்திருக்கும் என்பதைப் பிள்ளை பெற்றவர்கள் அறிவார்கள். கூடங்குளத்தில் கட்டுச்சோற்றை அவிழ்த்து இளைப்பாறிய நேரத்தில், படுத்துக்கிடந்தவர் எழுந்து நடந்தார். நோய் கண்டவர் நடக்கும் நடையாக அது இல்லை. உடன்வந்தவர்கள் ஓடிப் பின்தொடர வேண்டியிருந்தது. திருச்செந்தூர்க் கடற்கரையை அடைந்ததும் அவர் அலைக்குள் இறங்கினார். கண்ணுக்கு மறைந்தார்.

மூன்று நாள் அந்தத் தாய் கடற்கரையில் நின்றார். உடன்வந்தவர்கள் நம்பிக்கை இழந்தார்கள். கொல்லம் ஆண்டு 1008 மாசி 20-ஆம் நாள், 1833-ஆம் ஆண்டில், கடலிலிருந்து அய்யா வைகுண்டராக எழுந்தருளினார். மகன் என்று கட்டியணைக்க ஓடிவந்த வெயிலாளிடம், தாம் இனி அவருக்கு மட்டும் உரிய பிள்ளை இல்லை என்றும், நாராயணரின் பிள்ளையாய் உலகத்துக்காக வந்திருப்பதாகவும் அறிவித்தார்.

வேண்டுதலைப் பற்றி அன்பர்கள் அறிந்துகொள்ள வேண்டிய முதல் பாடம் இந்தக் கடற்கரையில் இருக்கிறது. வெயிலாள் ஒரு பிள்ளைக்காக வேண்டினார். வேண்டுதல் வீணாகவில்லை, ஆனால் அவர் எதிர்பார்த்த விதத்தில் நிறைவேறவும் இல்லை. வீட்டுக்குத் திருப்பி அழைத்துச்செல்ல நினைத்த மகன், வீடில்லாத மக்களுக்கெல்லாம் தகப்பனாக நின்றார். அந்தத் தாயின் நெஞ்சில் வலி இருந்திருக்கும். இன்றைக்கும் குடும்பத்துக்காக வேண்டுகிற பலருக்கு, கேட்டது ஒன்றும் கிடைத்தது வேறொன்றுமாக இருக்கிறது. அப்படிப்பட்டவர்கள் மூன்று நாள் அலையைப் பார்த்து நின்ற வெயிலாளை நினைக்கலாம். வீட்டில் சேலைத் தொட்டில் கட்டும்போதும், பழைய சேலையை மடித்து வைக்கும்போதும், நோய்ப்பட்ட பிள்ளைக்காக ஒரு வேண்டுதலும், அய்யா தருவதை ஏற்கும் மனத்துக்காக இன்னொரு வேண்டுதலும் சொல்லலாம்.

தவமும் மண்ணும் தண்ணீரும்

பூவண்டன் தோப்புக்கு வந்த அய்யா ஆறு ஆண்டுகள் தவம் இருந்தார். முதல் இரண்டு ஆண்டுகள் ஆறடிக் குழிக்குள். அடுத்த இரண்டு ஆண்டுகள் தரையில். கடைசி இரண்டு ஆண்டுகள் உயர்ந்த பீடத்தில். கலியுகம் மாறித் தர்மயுகம் பிறக்க ஒரு தவசு, மக்களின் குலம் தழைக்க ஒரு தவசு, பெண்களின் துயர் தீர ஒரு தவசு என்று அன்புக்கொடி மக்கள் இதைப் போற்றுகிறார்கள். குழியிலிருந்து தரைக்கும், தரையிலிருந்து பீடத்துக்கும் அய்யா ஏறியது, மண்ணுக்குள் அழுத்தப்பட்டுக் கிடந்த ஒரு மக்கள் கூட்டம் எழுந்து நிமிர்வதைப் போல இருந்தது.

தமக்காக எதையும் கேட்காமல் மற்றவருக்காகவே இருந்த தவம் இது. குடும்பத்துக்காக வேண்டுகிறவர்கள் அனைவரும் இந்தத் தவத்தின் ஒரு சிறு துளியைத்தான் தங்கள் வீட்டில் செய்கிறார்கள்.

தவக்காலத்திலேயே நோயாளிகள் திரண்டு வந்தார்கள். அய்யா அவர்களுக்குத் தண்ணீரும் மண்ணுமே கொடுத்தார். அதனால் நோய் தீர்ந்தவர்கள் பலர் என்று அகிலத்திரட்டு சொல்லுகிறது. தகடு எழுதிக் கட்டவில்லை. கயிறு மந்திரித்துக் கொடுக்கவில்லை. ஆட்டையும் கோழியையும் பலியிடச் சொல்லவில்லை. மந்திரவாதமும் பேய்க்கொடையும் மக்களின் கையிலிருந்த கொஞ்சக் காசையும் உறிஞ்சிக்கொண்டிருந்த நாளில், காணிக்கையும் காவடியும் பலியும் வேண்டாம் என்று அய்யா விலக்கினார்.

இதை அன்பர்கள் தெளிவாக மனத்தில் கொள்ள வேண்டும். வீட்டிலிருக்கும் பொருளை வேண்டுதலின் நினைவாக வைத்துக்கொள்வது வேறு, அந்தப் பொருளுக்கே சக்தி இருப்பதாக நம்பி அதைக் கட்டிக்கொண்டு அலைவது வேறு. விளக்கு அணைந்துவிட்டால் குடும்பத்துக்குக் கேடு வரும், குடம் உடைந்தால் சகுனம் சரியில்லை என்று அஞ்சுகிறவர், அய்யா விரட்டிய அச்சத்தை மறுபடியும் வீட்டுக்குள் அழைக்கிறார். விளக்கு அணைந்தால் மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். குடம் உடைந்தால் வேறு குடம் வாங்கிக்கொள்ளலாம். நினைவூட்டுவது மட்டுமே பொருளின் வேலை. காப்பவர் அய்யா.

மிளகாய்ப் புகை

சாதி பாராமல் ஒரே இடத்தில் மக்கள் கூடியது அரசுக்கு அச்சத்தை உண்டாக்கியது. மேல்சாதியார் முறையிட்டார்கள். அன்றைய மன்னர் சுவாதித் திருநாள் ஆட்சியில் அய்யா கைது செய்யப்பட்டுச் சுசீந்திரத்துக்கும், அங்கிருந்து திருவனந்தபுரத்துக்கும் கொண்டுசெல்லப்பட்டு, சிங்காரத்தோப்புச் சிறையில் அடைக்கப்பட்டார். மன்னரிடம் அய்யாவுக்காகத் துணிந்து பேசியவர் கோனார் குலத்தைச் சேர்ந்த பூவண்டர். தன் குலத்தவர் அல்லாத ஒருவருக்காக அரசவையில் வாய் திறந்த அந்தப் பெரியவரை அன்புக்கொடி மக்கள் இன்றும் நன்றியோடு நினைக்கிறார்கள்.

சிறையில் அய்யாவுக்கு நேர்ந்த கொடுமைகளை அகிலத்திரட்டு விரித்துச் சொல்லுகிறது. சுண்ணாம்புக் காளவாயில் இட்டார்கள். வற்றல் மிளகாயைக் குவித்துத் தீயிட்டு அந்தப் புகைக்குள் அடைத்தார்கள். பசித்த புலியின் முன் நிறுத்தினார்கள். புலி பணிந்தது. தம் சாதியாரோடு மட்டும் கூடுவேன் என்று எழுதிக் கொடுத்தால் விடுவதாகச் சொன்னபோது அய்யா இணங்கவில்லை. நூறு நாளுக்கும் மேல் சிறையிருந்து, கொல்லம் ஆண்டு 1014 மாசி மாதத்தில் விடுதலையானார். மக்கள் அவரை வாகனத்தில் சுமந்து சுவாமிதோப்புக்கு அழைத்துவந்தார்கள்.

அடுக்களையில் மிளகாய் வற்றல் கருகிக் கண் எரியும்போது, அந்தச் சிறையை நினைப்பது தாய்மாருக்குக் கடினமில்லை. கண்ணைத் துடைத்துக்கொள்ளும் அந்த நொடியில், வீட்டாரில் துன்பப்படுகிறவர் யாரோ அவருக்காக வேண்டிக்கொள்ளலாம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடப்பவர், கடனால் தூக்கம் இழந்தவர், செய்யாத குற்றத்துக்குப் பழி சுமப்பவர், குடியில் விழுந்து தன்னையே சிறைவைத்துக்கொண்டவர் என்று எந்தக் குடும்பத்திலும் ஒருவர் இருப்பார். அந்தப் புகை அய்யாவை அணைக்கவில்லை. இவர்களைச் சூழ்ந்த புகையும் விலகும் என்று நம்பி வேண்டலாம்.

துவையல்

சிறையிலிருந்து திரும்பிய பின் அய்யா தம் மக்களைத் துவையல் தவத்துக்கு அனுப்பினார். ஆணும் பெண்ணும் குழந்தையுமாக 700 குடும்பங்கள் புறப்பட்டன. முதலில் கன்னியாகுமரிக்கு அருகிலுள்ள வாகைப்பதியிலும், பின்பு முட்டப்பதியிலும் கடலோரத்தில் தங்கினார்கள். நாளுக்கு மூன்று முறை குளியல். உடுத்த துணியைத் துவைப்பது. பச்சரிசியும் சிறுபயறும் கடல்நீரில் வேகவைத்து ஒரு வேளை உணவு. இடைவிடாத வேண்டுதல். இதுதான் அவர்கள் இருந்த தவம்.

அழுக்குப்பட்டவர், தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட மக்களை, தினமும் துணி வெளுத்துத் தூய்மையாய் நிற்கச் செய்தார் அய்யா. ஏளனம் செய்தவர்களின் வாய்க்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. துணியைத் துவைக்கச் சொன்னார். புறத்தின் அழுக்குப் போகும்போதே அகத்தில் ஊறிய தாழ்வு மனமும் போனது. துணி துவைப்பது அதற்கு முன்னும் வீட்டுவேலைதான், அதற்குப் பின்னும் வீட்டுவேலைதான். இடையில் அய்யா அதைத் தவமாக்கிக் காட்டிவிட்டார்.

ஆகவே அன்புக்கொடி மக்களின் வீட்டில் துணி துவைப்பதைப்போல நல்ல வேண்டுதல் நேரம் வேறில்லை. துவைக்கும் துணி ஒவ்வொன்றுக்கும் உரியவர் ஒருவர் உண்டு. கணவரின் வேட்டியைப் பிழியும்போது அவருடைய உழைப்புக்காக வேண்டலாம். பள்ளிச் சட்டையில் மைக்கறையைத் தேய்க்கும்போது பிள்ளையின் படிப்புக்காக வேண்டலாம். மாமியாரின் சேலையை அலசும்போது அவருடைய மூட்டுவலிக்காகவும், அவரோடு காலையில் நடந்த வாக்குவாதம் மனத்தில் தங்காமல் போவதற்காகவும் வேண்டலாம். கோபத்தோடு ஒருவரின் துணியைத் துவைத்து முடித்தபின், அந்தக் கோபம் முன்போல் இருப்பதில்லை. இயந்திரத்தில் துவைக்கும் வீட்டிலும் துணியை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடியில் போடத்தானே வேண்டும். அந்த நேரம் போதும்.

சில வீடுகளில் கொடியில் ஓர் இடம் காலியாக இருக்கும். மகன் வளைகுடா நாட்டில் இருப்பான். மகள் தொலைவில் வாழ்க்கைப்பட்டிருப்பாள். உடன்பிறந்தவர் சொத்துத் தகராறில் போனவர் திரும்பி வராமலிருப்பார். துவைக்க அவர்களுடைய துணி இல்லை. கொடியில் தெரியும் அந்த இடைவெளியே அவர்களுக்கான நினைவு. கடலைப் பார்த்து நின்ற வெயிலாளுக்கும் கண்ணெதிரே மகன் இல்லை, வெறும் அலைதான் இருந்தது.

துவையல் தவத்தில் இன்னொரு செய்தியும் உண்டு. 700 குடும்பங்களும் ஒரே கரையில் துவைத்தார்கள், ஒரே உலையில் வெந்ததை உண்டார்கள். தன் வீட்டுக்கொடி, அடுத்த வீட்டுக்கொடி என்ற வேறுபாடு அந்தக் கரையில் இல்லை. தன் பிள்ளைக்காக வேண்டுகிறவர், பக்கத்துவீட்டுக் கொடியில் காயும் சின்னச் சட்டையையும் ஒருமுறை பார்த்து, அந்தப் பிள்ளைக்கும் சேர்த்து வேண்டினால்தான் துவையலின் பொருள் நிறையும். தாழ்ந்து கிடக்கிறவரைத் தாங்கித் தூக்குவதே தர்மம் என்று அய்யா போதித்தார். வேண்டுதலிலும் அந்தத் தர்மம் இருக்க வேண்டும்.

கிணறும் குடமும்

சுவாமிதோப்பில் முத்திரிக் கிணறு உண்டு. பொதுக் கிணற்றை நெருங்க முடியாதவர்கள் வாழ்ந்த காலத்தில், எல்லாச் சாதியாரும் ஒரே கிணற்று நீரில் குளிக்கவும் குடிக்கவும் அய்யா வழிவகுத்தார். இன்றும் பதிக்கு வருகிறவர்கள் அந்த நீரில் குளித்தே உள்ளே செல்கிறார்கள். குடத்தை இடுப்பில் வைக்கக்கூடாது என்று விலக்கப்பட்ட பெண்களின் பேத்திகள், அந்தக் கிணற்று நீரைப் பதமாகக் கையில் ஏந்திச் செல்கிறார்கள்.

வீட்டில் குடம் நிரப்பும்போது, அல்லது குழாயைத் திறந்து ஒரு செம்புத் தண்ணீர் பிடிக்கும்போது, அந்தத் தண்ணீரைக் குடிக்கப்போகிறவர்களை ஒருமுறை நினைக்கலாம். குடம் நிரம்பும் நேரம் அரை நிமிடமோ ஒரு நிமிடமோதான். வீட்டிலுள்ள நால்வர் பெயரைச் சொல்லி அய்யாவிடம் ஒப்படைக்க அது போதுமான நேரம். அன்று அய்யாவுக்கு வைத்த பெயரைச் சொல்லவே தடை இருந்தது. இன்று பிள்ளைகளின் பெயரை வாயாரச் சொல்லி வேண்ட எந்தத் தடையும் இல்லை. அந்த உரிமையைப் பயன்படுத்தாமல் விடலாகாது.

விளக்கும் கண்ணாடியும் நாமமும் தலைப்பாகையும்

பதியின் பள்ளியறையில் சிலை கிடையாது. கண்ணாடி இருக்கிறது. அதன் இருபுறமும் விளக்குகள் எரிகின்றன. வணங்க நிற்பவர் அந்த ஒளியில் தம் உருவத்தையே காண்கிறார். இறைவன் தொலைவில் இல்லை, உள்ளுக்குள்ளேயே இருக்கிறார் என்பதை அய்யா வழி இப்படி உணர்த்துகிறது. தன் முகத்தையே நிமிர்ந்து பார்க்கக் கூசிய மக்களுக்கு, அந்த முகத்துக்குள் இறைவன் இருப்பதைக் கண்ணாடி காட்டியது.

ஆண்கள் தலைப்பாகை கட்டிப் பதிக்குள் நிற்கிறார்கள். தலையில் துணி கட்டக்கூடாது என்ற விலக்கு இருந்த மண்ணில், இறைவன் முன்னிலையிலேயே தலைப்பாகையோடு நிற்கச் செய்தார் அய்யா. முடிசூடும் பெருமாள் என்ற பெயரைப் பறித்தவர்கள், அவருடைய மக்கள் அத்தனை பேரும் முடி சூடி நிற்பதைத் தடுக்க முடியவில்லை. நெற்றியில் சாத்தும் வெண்ணிற நாமம், சுடர்போல மேல்நோக்கி நிற்கிறது.

காலையில் கண்ணாடி முன் நின்று நாமம் சாத்துகிறவர், கண்ணாடியில் தம் முகத்தோடு பின்னால் நடமாடும் வீட்டாரின் முகங்களையும் பார்க்கிறார். பை தேடும் பிள்ளை, பால் காய்ச்சும் மனைவி, வாசலில் அமர்ந்திருக்கும் வயதான அப்பா. அத்தனை பேருக்குள்ளும் அய்யா இருக்கிறார் என்று நினைத்து நாமம் சாத்தினால், அன்று முழுதும் அவர்களிடம் பேசும் பேச்சு மாறும். மாலையில் விளக்கு ஏற்றும்போது, இன்னும் வீடு திரும்பாதவர் யாரோ அவருக்காக வேண்டலாம். தலைத்துண்டைக் கையில் எடுக்கும் தகப்பன், தன் மகன் எவர் முன்னும் கூனி நிற்காமல், எவரையும் கூனவைக்காமல் வாழவேண்டும் என்று வேண்டலாம்.

சோறும் ஏடும்

அய்யா ஊர் ஊராகச் சென்று மக்களின் இல்லங்களில் தங்கினார். பாலூர், சுண்டவிளை, வடலிவிளை, கடம்பன்குளம், பாம்பன்குளம் முதலிய ஊர்களில் நிழல் தாங்கல்கள் தோன்றின. வெயிலில் நின்றவர்களுக்கு நிழல் என்ற பெயரே பொருத்தமாய் அமைந்தது. சாதி பாராமல் ஒரே பந்தியில் அமர்ந்து உண்பது அங்கே வழக்கமாயிற்று. ஒருவர் தொட்ட உணவை இன்னொருவர் தொடாத நாளில் அது எளிய செயல் இல்லை. இன்றும் தாங்கல்களில் அன்னதர்மம் நடக்கிறது. அரிசி களையும்போது வீட்டில் சாப்பிடும் தலைக்கு ஒரு வேண்டுதலும், தாங்கலுக்கென ஒரு பிடி அரிசியும் எடுத்துவைக்கும் குடும்பம், தன் வீட்டாரின் பசியையும் ஊராரின் பசியையும் ஒன்றாகப் பார்க்கப் பழகிவிடும்.

அய்யாவின் சீடர் ஐவரில் ஒருவரான அரிகோபாலன் சீடர், கொல்லம் ஆண்டு 1016 கார்த்திகை மாதத்தில் அகிலத்திரட்டு அம்மானையை ஏட்டில் எழுதினார். அன்புக்கொடி மக்களின் வீடுகளில் அகிலத்திரட்டு இருக்கிறது. சில வீடுகளில் திருஏடு வாசிப்பின்போது மட்டும் வெளியே வருகிறது. அதை எட்டாத உயரத்தில் தூசியேற விடாமல், கண்ணில் படும் இடத்தில் வைப்பதே ஒரு நினைவூட்டு. படிக்க நேரமில்லாத நாளிலும், அதைக் கடந்து போகும்போது பிள்ளைகளுக்கு நல்லறிவு கிடைக்க வேண்டிக்கொள்ளலாம். நேரம் கிடைக்கும் நாளில் பிள்ளைகளையே படிக்கச் சொல்லிக் கேட்கலாம்.

கொல்லம் ஆண்டு 1026 வைகாசி 21-ஆம் நாள், 1851-ஆம் ஆண்டில், அய்யா வைகுண்டம் ஏகினார். அவருடைய திருமேனி வைக்கப்பட்ட இடத்திலேயே சுவாமிதோப்புப் பதி விளங்குகிறது. எட்டு ஆண்டுகளுக்குப் பின், 1859-இல், சான்றோர் குலப் பெண்கள் மேலாடை அணியத் திருவிதாங்கூர் அரசு இசைந்து அறிவித்தது. பெண்களுக்காக இருந்த தவசு வீண்போகவில்லை என்று அன்புக்கொடி மக்கள் அதைக் கருதுகிறார்கள். ஆனால் அந்த நாளைக் காண அய்யா இப்பூமியில் மனித உருவோடு இருக்கவில்லை. வேண்டுதலின் பலனை வேண்டினவரே காணவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இன்று தாயார் கொடியில் துணி போட்டுக்கொண்டே சொல்லும் வேண்டுதல், பேரப்பிள்ளைகளின் காலத்திலும் பலிக்கலாம்.

வீட்டில் கைக்கொள்ளும் முறை

எல்லாப் பொருளையும் ஒரே நாளில் நினைவாக்கிக்கொள்ள முயன்றால் மூன்றாம் நாளே விட்டுப்போகும். முதலில் ஒரு பொருளைத் தேர்ந்துகொள்வது நல்லது. தினமும் தவறாமல் கையில் படும் பொருளாக அது இருக்கட்டும். குடமோ, விளக்கோ, துவைக்கும் துணியோ, பிள்ளையின் சாப்பாட்டுப் பாத்திரமோ எதுவாகவும் இருக்கலாம். அதைத் தொடும்போது அய்யாவை நினைத்து, வீட்டாரில் ஒருவரின் பெயரைச் சொல்லி, அவருக்கு இன்று என்ன தேவையோ அதை வேண்டினால் போதும். பெரிய வார்த்தைகள் வேண்டாம். மறந்துபோன நாளுக்காக வருந்திக் குற்றம் சுமக்கவும் வேண்டாம். மறுநாள் அந்தப் பொருள் மறுபடி கைக்கு வரும்.

ஒரு மாதத்தில் அந்தப் பழக்கம் ஊன்றிவிட்டால் இரண்டாவது பொருளைச் சேர்த்துக்கொள்ளலாம். வீட்டிலுள்ள மற்றவர்களும் ஆளுக்கொரு பொருளை எடுத்துக்கொண்டால், யார் யாருக்காக வேண்டுகிறார் என்று எவரும் சொல்லாமலே வீடு முழுதும் வேண்டுதல் நிறையும். காலை உகப்படிப்பும் மாலை உகப்படிப்பும் அவற்றுக்குரிய நேரத்தில் நடக்கட்டும். இது அவற்றுக்கு மாற்று ஆகாது. அந்த இரண்டுக்கும் இடையே கிடக்கும் நீண்ட பகலை அய்யாவின் நினைவோடு இணைக்கும் நூல் இது.

வேண்டியபின் அந்த மனிதருக்குச் செய்யவேண்டிய கடமையும் உண்டு. தம்பிக்காக வேண்டுகிறவர் ஒருநாள் அவன் வாசலுக்கும் போகவேண்டும். நோயாளிக்காக வேண்டுகிறவர் மருந்து வாங்கிக் கொடுக்கவேண்டும். அய்யா மக்களுக்காகத் தவம் இருந்ததோடு நிற்கவில்லை. அவர்களுக்காகச் சிறை சென்றார், கிணறு தந்தார், பந்தியில் ஒன்றாக அமரச் செய்தார். அந்த வழியில் நடப்பவர் வீட்டில் குடமும் துணியும் விளக்கும் ஓயாமல் வேண்டிக்கொண்டிருக்கும்.

அய்யா உண்டு.